துருவ வடிவமா, செவ்வக வடிவமா: எட்டுச் சனிக்கிழமைகளுக்கான ஒரு தேர்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமைதோறும் கணித வகுப்பு எடுத்துவருகிறேன். மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டு பகுதிகள் கொண்ட கலப்பெண்கள் பாடத்துக்கு என்னால் ஒதுக்க முடிந்தவை எட்டுச் சனிக்கிழமைகள்தாம். இந்த ஆண்டு அந்தப் பாடத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மூவர். ஒருவன் ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படிக்கிறான். ஒரு பெண் படிவம் ஆறில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வுக்குக் கணிதம் எடுத்திருக்கிறாள். மூன்றாமவன் பகலில் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளனாக இருந்துகொண்டு, இரவில் கணினி நிரல் எழுதப் பழகுகிறான். மூவருடைய தாத்தா பாட்டிமாரும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள், மூவரும் முதல் நாளே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், ஒரே நம்பர ரெண்டு மூணு விதமா எழுதுறாங்களே, நாங்க எதப் புடிச்சிக்கிறது?"

கேள்வி நியாயமானது. ஒரு கலப்பெண்ணைச் செவ்வக வடிவில் எழுதலாம். மட்டு (நீளம்), வீச்சு (கோணம்) என்ற இரண்டும் கொண்ட துருவ வடிவில் எழுதலாம். ஆய்லர் வடிவிலும் எழுதலாம். பாடநூல்கள் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சிகளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எப்போது எதை எடுப்பது என்பதை மாணவரே கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை போலும். மின்பொறியியலுக்குத் துருவம், கணினிக்குச் செவ்வகம் என்று துறைவாரியாகப் பிரித்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியும். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது பாதிதான் சரி என்று இப்போது கருதுகிறேன். ஒரே துறைக்குள், ஏன், ஒரே கணக்குக்குள்கூட, அடுத்த வரியில் அந்த எண்ணை என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

தோட்டத்தில் வழி சொல்ல இரண்டு முறைகள் உண்டு. ஆயாக்கொட்டகையிலிருந்து கிழக்கே மூன்று செயின் போய், அங்கிருந்து வடக்கே நாலு செயின் போ என்பது ஒன்று. கொட்டகை வாசலில் நின்று மேட்டுக் கோயிலைக் குறிவைத்து நேராக ஐந்து செயின் நட என்பது மற்றொன்று. ஒரு செயின் 66 அடி, ஏறத்தாழ 20.12 மீட்டர், பழைய ஆட்களுக்கு இன்றும் மீட்டரைவிட அதுதான் நாக்கில் வரும். முதல் முறையில் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் கிடைக்கின்றன. அதை (3, 4) என்று எழுதுகிறேன். இரண்டாம் முறையில் தொலைவு, கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளந்த கோணம் என்ற இரண்டும், அதாவது மட்டு, வீச்சு இரண்டும், கிடைக்கின்றன, அது 5∠53.13°. சென்று சேரும் இடம் ஒன்றே.

வழி சொல்வதை உவமையாக நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கலப்பெண்ணை ஒரு தளத்தில் நீளமும் திசையுமாக வரைந்து காட்டலாம் என்று முதலில் எழுதியவர் பேராசிரியர் அல்லர். டென்மார்க்கில் நில அளவையாளராக இருந்த காஸ்பர் வெஸல். 1797-இல் டேனிஷ் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டு 1799-இல் அச்சான அவருடைய கட்டுரை, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதற்கிடையில் 1806-இல் பாரிசில் அர்கான் என்பவர் அதே கருத்தைத் தாமாகவே கண்டறிந்து வெளியிட்டதால், அந்தத் தளத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சங்கிலியும் கோணமானியும் பிடித்த கையிலிருந்து வந்த கருத்து இது என்று சொன்னபோது, அளவையாளரிடம் வேலை செய்யும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மற்ற இருவரும் பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்கள். வராது.

இனி ஒப்பீடு. செவ்வக வடிவில் இரண்டு கலப்பெண்களைக் கூட்டுவது கடைக்கணக்கைப் போன்றது: மெய்யோடு மெய், கற்பனையோடு கற்பனை, முடிந்தது. பெருக்க வேண்டுமானால் நான்கு பெருக்கல்களும் இரண்டு கூட்டல் கழித்தல்களும் தேவைப்படும். வகுப்பதாக இருந்தால் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றிய இணைக் கலப்பெண்ணைக் கொண்டுவந்து மேலும் கீழும் பெருக்க வேண்டும். துருவ வடிவில் இது அப்படியே தலைகீழாகிவிடுகிறது. பெருக்கலுக்கு மட்டுகளைப் பெருக்கி வீச்சுகளைக் கூட்டினால் போதும். வகுத்தலுக்கு மட்டுகளை வகுத்து வீச்சுகளைக் கழித்தால் போதும். கூட்டல் வந்துவிட்டாலோ கொசைன் விதியை அழைக்க வேண்டும், அல்லது செவ்வகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அடுக்குகளிலும் மூலங்களிலும் இடைவெளி இன்னும் பெரிதாகிறது. (√3, 1) என்பதை ஏழாம் அடுக்குக்கு உயர்த்தச் சொன்னால், செவ்வகத்தில் தொடங்கும் மாணவர் அரைப்பக்கம் எழுதுவார், நடுவில் ஒரு குறியைத் தொலைப்பார். துருவத்தில் அது 2∠30°. மட்டுக்கு அடுக்கேற்றி, வீச்சை அடுக்கெண்ணால் பெருக்கச் சொல்லும் டி மாய்வர் தேற்றப்படி ஏழாம் அடுக்கு 128∠210°, அதாவது (−64√3, −64). (0, 8) என்பதன் கனமூலங்களைக் கேட்டாலோ செவ்வக வழி முப்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் நிறுத்தும். துருவ வழியில் 2∠30°, 2∠150°, 2∠270° என்று மூன்றும் 120 பாகை இடைவெளியில் வட்டத்தின் மேல் தாமாக வந்து உட்கார்ந்துவிடும். இதைக் காட்டித் துருவத்துக்கே வெற்றி என்று நான் முடிக்கப் போன நேரத்தில்தான் படிவம் ஆறு மாணவி, (1, 1) என்பதன் பத்தாம் அடுக்கை எனக்கு முன்னால் முடித்துக் காட்டினாள். வர்க்கப்படுத்தினால் (0, 2). அதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் (0, 32). கோணம் பக்கமே போகவில்லை. எண்ணைப் பார்க்காமல் வடிவத்தைத் தேர்ந்தவன் நான் என்று ஒப்புக்கொண்டேன்.

மின்பொறியியல் மாணவனுக்குத் துருவமே வீடு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மாறுமின்னோட்டக் கணக்குகளுக்குக் கலப்பெண்களைக் கொண்டுவந்து, வகைக்கெழுச் சமன்பாடுகளின் சுமையை இறக்கிவைத்தவர் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர். 1893-இல் சிக்காகோவில் நடந்த மின்னியல் மாநாட்டில் அவர் அதை விரிவாக முன்வைத்தார். அன்றிலிருந்து அத்துறையினர் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளவும் கோணமுமாக எழுதிப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒரு சாதாரணக் கணக்கை அடிமுதல் நுனிவரை நடத்திப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது.

ஒரு சிறிய பட்டறையில் மோட்டார் சுருளொன்றின் மின்தடை 3 ஓம், தூண்டல் எதிர்ப்பு 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் 230 வோல்ட் என்று மாறிப் பல ஆண்டுகள் ஆனாலும் நம் வயர்மேன்கள் இன்னும் 240 என்றே சொல்வதால், நானும் 240 என்றே கணக்குப் போடுகிறேன். சுருளின் மொத்த மறுப்பு, அதாவது இம்பிடன்ஸ், 5∠53.13°. 240∠0° என்பதை அதனால் வகுத்தால் மின்னோட்டம் 48∠−53.13° ஆம்பியர். ஒரே வரி, இங்கே துருவத்துக்கு நிகரில்லை. இப்போது அதே இணைப்பில் 20 ஆம்பியர் இழுக்கும் ஒரு ஹீட்டரைச் சேர்க்கிறோம். மொத்தம் 68 ஆம்பியர் என்று பையன் உடனே சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது, துருவ வடிவில் பார்த்தால் 48-உம் 20-உம்தான் கண்ணில் நிற்கின்றன. இரண்டு மின்னோட்டங்களும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை என்பதைக் கோணம் சொல்கிறது. ஆனால் கூட்டிக் காட்ட அதனால் முடியாது. செவ்வகத்துக்கு வந்தால் மோட்டார் (28.8, −38.4), ஹீட்டர் (20, 0), மொத்தம் (48.8, −38.4). திரும்பத் துருவத்துக்குப் போனால் 62.1∠−38.2°. மீட்டரில் காட்டப்போவது 62.1 ஆம்பியர்.

கணக்கு அங்கே நிற்பதில்லை. அந்தக் கோணத்தின் கொசைன்தான் பவர் ஃபேக்டர். இங்கே அது ஏறத்தாழ 0.79. மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வைத்திருக்கும் எல்லை 0.85, அதற்குக் கீழே இறங்கினால் பில்லில் கூடுதல் கட்டணம் ஏறும். எல்லைக்குள் வர எவ்வளவு மின்தேக்கி மாட்டுவது என்ற கேள்விக்கு விடை கற்பனைப் பகுதியில்தான் இருக்கிறது. மெய்ப்பகுதி 48.8 மாறாமல் இருக்க, கற்பனைப் பகுதி 38.4-லிருந்து 30.2-க்கு இறங்க வேண்டும். ஆகவே மின்தேக்கி இழுக்க வேண்டியது 8.2 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸில் அதற்கு ஏறத்தாழ 109 மைக்ரோஃபாரட் தேவை. எல்லை எது என்பதைச் சொன்னது கோணம்; எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைச் சொன்னது செவ்வகம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைகளில் சுவரோரம் நிற்கும் மின்தேக்கிப் பெட்டிகள் செய்வதும் இதே வேலையைத்தான், அளவுதான் பெரியது.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் 240 எப்படி 415 ஆகிறது என்று கேட்காத பாலிடெக்னிக் மாணவரை நான் பார்த்ததில்லை. மூன்று மின்னழுத்தங்களும் 240∠0°, 240∠120°, 240∠240° என்று நிற்கின்றன; மேலே பார்த்த கனமூலங்களைப் போலவே வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்வதால், மூன்றையும் கூட்டினால் பூச்சியம். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் உள்ள மின்னழுத்தம் என்பது கழித்தல், ஆகவே (240, 0)-இலிருந்து (−120, 207.8)-ஐக் கழிக்க வேண்டும். விடை (360, −207.8), அதன் மட்டு 415.7. படத்தைக் காட்டியது துருவம், விடையைத் தந்தது செவ்வகம்.

நில அளவையில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அதை மாணவர்களிடம் சொல்ல இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் நானும் ஓர் அளவையாளரிடம் உதவியாளனாக இருந்தேன். எல்லைக்கல் ஒன்றின் இடத்தை, நாங்கள் நின்ற கல்லிலிருந்து கிழக்குப்போக்கில் −120 மீட்டர், வடக்குப்போக்கில் −90 மீட்டர் என்று தாளில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதைத் திசைக்கோணமும் தொலைவுமாக மாற்றுவது என் வேலை. −120-ஐ −90-ஆல் வகுத்தேன். குறைக்குறிகள் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின. கால்குலேட்டரில் தலைகீழ் டேன்ஜென்ட்டை அழுத்தினேன். 53 பாகை 8 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று) என்று வந்தது. தொலைவு 150 மீட்டர். கத்தியும் பட்டையும் தூக்கிய நான்கு பேரை வடகிழக்கில் அனுப்பிவைத்தேன். முழங்கால் சேற்றில் அரைமணி நேரம் தேடிவிட்டு வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, கல்லு முதுகுக்குப் பின்னால இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார். சரியான திசைக்கோணம் 233 பாகை 8 கலை. 180 பாகையை நான் தொலைத்திருந்தேன். இரண்டு பகுதிகளும் குறையாக இருந்தாலும் இரண்டும் நிறையாக இருந்தாலும் வகுத்தால் ஒரே விடைதான் வரும் என்பதால், எந்தக் கால்பகுதி என்ற செய்தி வகுக்கும்போதே காணாமல் போய்விடுகிறது.

துருவ வடிவின் மிகப் பெரிய செலவு இதுதான். அது பெருக்கலிலோ கூட்டலிலோ இல்லை, மாற்றும் வாசற்படியில் இருக்கிறது. காசியோ எஃப்எக்ஸ்-570 வைத்திருப்பவர்கள் 'போல்', 'ரெக்' என்ற இரண்டு விசைகளைப் பழகிக்கொண்டால் கால்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். நிரல் எழுதுபவர்களுக்கு 'ஏடேன்2' என்ற செயற்கூறு இருக்கிறது. அது இரண்டு பகுதிகளையும் வகுக்காமல் தனித்தனியே வாங்கிக்கொள்வதால் குறி தொலைவதில்லை. இவற்றோடு இன்னொரு குழப்பமும் உண்டு: அளவையாளரின் கோணம் வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாகப் போகிறது, கணித ஆசிரியரின் கோணம் கிழக்கில் தொடங்கி இடஞ்சுழியாகப் போகிறது, ஒன்றை 90-இலிருந்து கழித்தால் மற்றது. பூச்சியத்துக்கோ கோணமே கிடையாது.

அளவைத் தொழில் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், களத்தில் அளப்பது துருவம், எல்லைக் கோடுகள் பிளானில் ஏறுவது திசைக்கோணமும் தொலைவுமாக, அதுவும் துருவம். ஆனால் அளந்த எல்லை தொடங்கிய கல்லிலேயே வந்து மூடுகிறதா என்று சோதிக்க, ஒவ்வொரு கோட்டையும் கிழக்குப்போக்கு, வடக்குப்போக்கு என்று பிரித்துக் கூட்டி, இரண்டும் பூச்சியத்தை நெருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். துருவ வடிவில் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பிழையைக் கண்ணால் காண முடியாது.

காற்றின் திசைக்குச் சராசரி எடுப்பதும் இதே வகைதான். ஒரு மணிக்கு 350 பாகை, அடுத்த மணிக்கு 10 பாகை என்று பதிவாகியிருந்தால் காற்று வடக்கிலிருந்து வீசுகிறது என்று குழந்தையும் சொல்லும். கோணங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தாலோ 180 பாகை, நேர் தெற்கு. ஒவ்வொரு பதிவையும் செவ்வகமாக்கிக் கூட்டிவிட்டுக் கடைசியில் கோணத்தை எடுப்பதே வழி. மழை ராடார்களுக்கோ துருவம் பிறவிக்குணம்: சுற்றிக்கொண்டே அனுப்பும் அலை திரும்பிவரும் நேரம் தொலைவைத் தருகிறது, ஆன்டெனா பார்க்கும் பக்கம் கோணத்தைத் தருகிறது. ஆனால் ஒரு பாகை அகலமுள்ள கதிர் 100 கிலோமீட்டர் தள்ளி 1.7 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்துவிடுகிறது. அருகில் நுணுக்கமாகத் தெரியும் மழை தொலைவில் பூசினாற்போலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். கைப்பேசியில் நாம் பார்க்கும் படம் அதைச் செவ்வகக் கட்டங்களாக மாற்றி வரைந்தது.

மூவருக்கும் பொதுவாக நான் எடுத்த எடுத்துக்காட்டு செம்பனை நடவு. ஊரைவிட்டு எந்தப் பக்கம் பத்து நிமிடம் வண்டி ஓட்டினாலும் கண்முன் வரும் கணக்கு அது. மரங்கள் சதுரமாக நடப்படுவதில்லை. பக்கம் ஏறத்தாழ 9 மீட்டர் உள்ள சமபக்க முக்கோணங்களாக நடப்படுகின்றன. ஒரு மரத்தடியில் நின்றால் சுற்றிலும் ஆறு மரங்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டரில். துருவ வடிவில் அவை 9∠0°, 9∠60°, 9∠120° என்று 300 பாகை வரை போகின்றன. 1∠60° என்ற ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போனால் ஆறாவது பெருக்கலில் தொடங்கிய மரத்துக்கே வந்துவிடலாம். நடவின் அழகு முழுவதும் அந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

ஆனால் குச்சி நடும் ஆட்கள் கோணமானி தூக்கிக்கொண்டு போவதில்லை, போகவும் தேவையில்லை. வரிசைக்கும் வரிசைக்கும் இடையே 7.79 மீட்டர், ஒன்றுவிட்ட வரிசைகளில் முதல் குச்சியை 4.5 மீட்டர் தள்ளி நடு: இந்த இரண்டு எண்களும் (4.5, 7.79) என்ற செவ்வக வடிவம்தான், 9∠60° என்பதன் மறு உருவம். ஒரு ஹெக்டருக்கு எத்தனை மரம் என்பதும் இங்கிருந்தே வருகிறது. 9-ஐ 7.79-ஆல் பெருக்கினால் ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஹெக்டருக்கு 142 அல்லது 143 மரங்கள். அதே 9 மீட்டரில் சதுரமாக நட்டிருந்தால் 123. மரத்துக்கு மரம் இடைவெளி குறையாமலே நூற்றுக்குப் பதினைந்து மரங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. பதிவேட்டில் மரக்கணக்கு எழுதும் கிராணிக்கு இந்தப் பெருக்கலின் பின்னால் 60 பாகையின் சைன் இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்லர் வடிவம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் என் எட்டு வாரத்தில் அதற்குக் கிடைக்கும் இடமும் சுருக்கமே. 1748-இல் ஆய்லர் வெளியிட்ட வாய்பாட்டின்படி, கொசைனையும் சைனையும் சேர்த்து எழுதும் நீண்ட கோவை, 2.718 எனத் தொடங்கும் மாறிலியின் ஒற்றை அடுக்காகச் சுருங்கிவிடுகிறது. பெருக்கும்போது கோணங்கள் ஏன் கூடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது: அடுக்குகள் கூடுவதால். வகையிடவும் தொகையிடவும் வேண்டியிருக்கும் இடங்களில், அலை, அதிர்வு, குவாண்டம் இயற்பியல் என்று எங்கு போனாலும், இதற்கு மாற்று இல்லை. விலை என்னவென்றால் கோணம் பாகையில் அல்ல, ரேடியன் என்ற அளவில்தான் இருக்க வேண்டும். 53.13-ஐப் பாகையாகவே அடுக்கில் ஏற்றிவிட்டு விடை ஏன் பைத்தியம் பிடித்தாற்போல வருகிறது என்று கேட்பவர்கள் ஆண்டுக்கு இருவராவது உண்டு. படிவம் ஐந்தில் வட்ட அளவைப் பாடத்தை ஒழுங்காகக் கடந்து வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

தகவல் தொடர்பில் இரண்டு வடிவங்களும் நேருக்கு நேர் மோதும் காட்சி ஒன்றைப் பார்க்கலாம். அலையின் கட்டத்தை, அதாவது ஃபேஸ் கோணத்தை, மட்டும் மாற்றிச் செய்தி அனுப்பும் முறையில் குறியீட்டுப் புள்ளிகள் ஒரு வட்டத்தின் மேல் நிற்கின்றன. அது துருவச் சிந்தனை. அளவையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றும் முறையில், நெரிசல் இல்லாமல் நிறையப் புள்ளிகளை வைக்க வேண்டியிருப்பதால், அவற்றைச் சதுரக் கட்டங்களாக அடுக்குகிறார்கள், அது செவ்வகம். வேகம் கூடக்கூட வட்டத்தில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தபின் இந்த ஆண்டுக்கு நான் எடுத்த முடிவு பாடநூலின் வரிசையைப் பின்பற்றவில்லை. முதல் மூன்று வாரங்கள் துருவத்துக்கு, பாகையில், கோணக் குறியோடு. கொசைன் சைன் கோவையாகக்கூட அல்ல. பெருக்கல் என்பது திருப்புதல் என்று கண்ணில் பதிந்துவிட்டால், கற்பனை அலகான 1∠90° என்பதன் வர்க்கம் ஏன் −1 என்ற கேள்விக்குத் தனி விளக்கம் தேவைப்படுவதில்லை: 90 பாகை இருமுறை திரும்பினால் எதிர்த்திசை. அடுத்த மூன்று வாரங்கள் மாற்றுதலுக்கு. மோட்டாரும் ஹீட்டரும், மூடாத எல்லையும், தொலைந்த கால்பகுதியும் அங்கே வரும். பெரும்பாலான ஆசிரியர்கள் மாற்றுதலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். சேற்றில் நின்ற நால்வரை நினைத்து நான் மூன்று வாரம் ஒதுக்குகிறேன். ஏழாவது வாரம் ரேடியனும் ஆய்லரும். எட்டாவது வாரம் படிவம் ஆறு மாணவிக்கு மட்டும் கூடுதலாக டி மாய்வர் கணக்குகளும், முதன்மை வீச்சை −180 பாகைக்கும் 180 பாகைக்கும் இடையில் நிறுத்தும் பழக்கமும். பாலிடெக்னிக் பையன் இந்த வரிசையில் லாபமடைவான். மாணவிக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் நட்டம். செவ்வகத்திலேயே விறுவிறுவென்று போகக்கூடியவளை மூன்று வாரம் கோணம் பிடிக்க வைக்கிறேன். அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

நிரல் எழுதும் பையனுக்குச் செவ்வகமே போதும் என்று முதலில் நினைத்திருந்தேன், கணினித் திரை புள்ளிக் கட்டங்களால் ஆனதால். அவன் எடுத்துக்கொண்ட பயிற்சி அதை மாற்றியது. செம்பனையில் ஒவ்வொரு புதிய மட்டையும் முந்தியதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திரும்பி முளைக்கிறது. எட்டு மட்டைகளுக்கு 1100 பாகை. அதில் மூன்று முழுச் சுற்றுகளைக் கழித்தால் மிச்சம் 20. ஆகவே முழுதாக விரிந்த முதல் மட்டைக்குக் கீழே, இருபது இருபது பாகை தள்ளி, ஒன்பதாவது, பதினேழாவது, இருபத்தைந்தாவது மட்டைகள் ஒரே சாய்ந்த வரிசையாகத் தெரிகின்றன. உரக் கணக்குக்காக இலை மாதிரி எடுப்பவர்கள் பதினேழாவது மட்டையைத் தேடும்போது பதினேழு வரை எண்ணுவதில்லை; முதல் மட்டையைப் பிடித்து அந்தச் சுழல்வரிசையில் இரண்டு படி கீழே இறங்குகிறார்கள். விதி முழுவதும் துருவத்தில் ஒரே வரி. திரையில் வரைய மட்டும், கடைசி நொடியில், செவ்வகம்.

நிரலை ஓட்டிக் காட்டினான். சுழல் அழகாக வந்தது, ஆனால் நாங்கள் தாளில் வரைந்ததற்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. திரையில் செங்குத்து அளவு மேலிருந்து கீழாக வளர்வதால் இடஞ்சுழி வலஞ்சுழியாகிவிடும் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை. திருத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மற்ற பையன் முந்திக்கொண்டான்: "சார், எங்க தாத்தா வீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு மரம் இருக்கு, ஒண்ணு இப்படிச் சுத்தும், ஒண்ணு அப்படிச் சுத்தும்." அது உண்மைதான். செம்பனையில் இரண்டு வகை மரமும் உண்டு. அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு மரத்தடியிலும் நின்று எண்ணிப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.